எந்தப் புயல் பெரிய புயல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வானம் கொஞ்சம் மூடினால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நான் வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்க்கிறவன் இல்லை. மேற்கு தாம்பரத்தில் மொட்டை மாடியில் ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதுகிற ஆள், அவ்வளவுதான். ஆனாலும் சித்தப்பா முதல் பால்காரர் வரை என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிட்டேன்.

உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற புயல் எது?

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில் கரை கடந்த போலா புயல். குறைந்தது 3 லட்சம் பேர் என்கிறார்கள், 5 லட்சம் வரை போகும் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் 2 லட்சம் உயிர் இடைவெளி! பல தீவுகளில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை என்பதுதான் காரணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் தீவுகள் அவை, கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் உயரம். நெல் அறுவடை நேரம் என்பதால் வெளியூர்க் கூலி ஆட்களும் வந்து குடிசை போட்டிருந்தார்கள். கடல் ஏற்றமும் புயலும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டதில், நடு இரவில் வீட்டுக் கூரையைவிட உயரமாகத் தண்ணீர் வந்தது. தஜுமுதீன் என்ற வட்டாரத்தில் மட்டும் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே இரவில் போய்விட்டார்கள்.

பிழைத்தவர்களைப் பார்த்த மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பலருக்கு நெஞ்சிலும் கைகளின் உட்புறத்திலும் தொடையிலும் தோல் உரிந்திருந்தது. இரவு முழுக்க மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியதால் வந்த காயம். அதற்கு ‘சைக்ளோன் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வலு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஏது? இறந்தவர்களில் பாதிக்கு மேல் சின்னக் குழந்தைகள்.

அப்போது ரேடியோ இல்லையா? யாரும் சொல்லவில்லையா?

ரேடியோ இருந்தது, செயற்கைக்கோள் படமும் இருந்தது. புயல் வருகிறது என்பது அங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் ‘பெரிய ஆபத்து’ என்று கேட்டுவிட்டு எங்கே ஓடுவது? மாடி வீடு கிடையாது, மேடு கிடையாது, படகில் ஏறிக் கடலுக்கா போக முடியும்? அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இன்னொரு புயலுக்கும் இப்படியே எச்சரித்திருந்தார்கள், அது இவ்வளவு மோசமாக இல்லை. அதனால் நிறையப் பேர் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

ஒரு புயலால் ஒரு நாடே பிறந்தது என்கிறார்களே?

அடித்து விடுகிற கதை மாதிரித்தான் இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் உண்மை. நிவாரணத்தில் மேற்குப் பாகிஸ்தான் அரசு காட்டிய மெத்தனம் வங்காளிகளைக் கொதிக்க வைத்தது. அடுத்த மாதம், 1970 டிசம்பர் 7 அன்று பொதுத்தேர்தல். கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் அள்ளிக்கொண்டு போனது. புயல் அடித்த தொகுதிகளில் வாக்குப்பதிவையே ஜனவரிக்குத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. ஆட்சியை விட்டுக்கொடுக்க பாகிஸ்தானை ஆண்ட யாஹியா கானின் ராணுவ அரசு மறுத்தது, ராணுவ ஒடுக்குமுறை, போர், 1971 டிசம்பரில் வங்கதேசம். மொழிச் சண்டையும் பொருளாதாரக் குமுறலும் இருபது வருடமாக இருந்தவைதான், புயல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னால் வந்த பிணக்குவியலை மறந்துவிட்டு யார் ஓட்டுப் போடுவார்கள்?

கொடூரமான புயல் எல்லாம் நம் வங்காள விரிகுடாவிலேயே வருவது ஏன்?

உண்மையில் பசிபிக்கில்தான் அதிகப் புயல்கள், அதிக வலுவானவையும் அங்கேதான். சாவுதான் இங்கே அதிகம். விரிகுடாவின் வடக்கு முனை புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகிறது, அங்கே கடலுக்கு ஆழமும் இல்லை. காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் பக்கவாட்டில் விலக இடமில்லாமல் மேலே எழும்புகிறது. அந்த முனையில்தான் உலகத்திலேயே நெருக்கமாக மக்கள் வாழும் டெல்டாவும் இருக்கிறது.

1876-இல் பாக்கர்கஞ்ச், ஏறக்குறைய 2 லட்சம் பேர். 1991 ஏப்ரல் 29-இல் சிட்டகாங் கரையில் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2008 மே மாதம் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் நர்கீஸ், கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. கொஞ்சம் தெற்கே வந்தால் 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமா, 10 ஆயிரம் பேர். 1839-இல் காக்கிநாடா பக்கத்தில் இருந்த கோரிங்கா துறைமுகம் ஒரு புயலோடு தலையெடுக்காமலே போய்விட்டது. இந்தப் பகுதிப் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற கல்கத்தாக்காரர்தான் ‘சைக்ளோன்’ என்ற சொல்லையே உருவாக்கினார்.

காற்று வேகம் அதிகமானால் சாவும் அதிகம்தானே?

இல்லை. டிவியில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கத்துவதைப் பார்த்து எல்லோரும் இப்படியே நினைக்கிறார்கள். 2015 அக்டோபரில் பசிபிக்கில் உருவான பாட்ரீஷியாவின் வேகம் உச்சத்தில் மணிக்கு 345 கி.மீ. மெக்சிகோவில் ஆள் அதிகம் இல்லாத கரையில் ஏறியது, இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போலா அந்த வேகத்துக்குக் கிட்டேகூட வரவில்லை.

கொல்வது தண்ணீர். காற்று ஓட்டைப் பிய்க்கும், மரத்தைச் சாய்க்கும், நம் வர்தா மாதிரி ஊரையே மொட்டையடிக்கும். (2016 டிசம்பர் 12. எங்கள் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.) ஆனால் ஆயிரக்கணக்கில் சாவு என்றால் பெரும்பாலும் கடல் உள்ளே வந்திருக்கும், இல்லையென்றால் ஆறோ அணையோ உடைந்திருக்கும். 2013-இல் பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் வந்தபோது ‘ஸ்டார்ம் சர்ஜ்’ வரும் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். டக்லோபான் நகரத்தில் பலருக்கு அது என்னவென்றே புரியவில்லை. 6,300 பேர் இறந்தார்கள். சுனாமி மாதிரி கடல் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். நம் ஊர் அறிவிப்பில் வரும் ‘இயல்பை விட 1 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பும்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ‘கடல் உங்கள் தெருவுக்குள் வரும்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அப்படியென்றால் 2004 சுனாமியும் இந்தக் கணக்கில் வருமா?

வராது. அது கடலடி நிலநடுக்கம், வானிலைக்குச் சம்பந்தமே இல்லை.

தமிழ்நாட்டில் மோசமான புயல் எது?

வயதானவர்களைக் கேட்டால் தனுஷ்கோடி என்பார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் நின்று பார்த்துவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டு இருட்டில் மெதுவாக நகர்த்தினார் என்று சொல்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு மொத்த ரயிலையும் அலை விழுங்கியது. புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்ததாகச் சொல்கிறார்கள். ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. அங்கே இன்றும் நிற்கும் சர்ச் சுவரின் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், நானும் எடுத்திருக்கிறேன். பாம்பன் பாலத்தில் கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி தப்பித்தது, மற்ற கர்டர்கள் பல கடலுக்குள் போயின. அதை 46 நாளில் சரிசெய்தவர் அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ.ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ போட்டவர்.

சமீபத்தில் என்றால் 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் ஏறிய கஜா. சாவு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு தென்னை காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் பேராவூரணி, பட்டுக்கோட்டையில் அன்று விடிந்தபோது என்ன தெரிந்தது என்பது புரியும்.

வெள்ளத்தில் உலகின் மோசமானது எது?

சீனா. 1887-இல் மஞ்சள் ஆறு கரையை உடைத்ததில் 9 லட்சம் பேர் அல்லது அதற்கு மேல். 1931-இல் யாங்சி, ஹுவாய் ஆறுகள் பெருகியதில் சில லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை கணக்குகள் இருக்கின்றன. தண்ணீரில் மூழ்கியவர்களைவிடப் பிறகு வந்த காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

எனக்கு இவை இரண்டையும்விட 1975 ஆகஸ்ட்தான் உறுத்தும். நீனா என்ற புயல் வலுவிழந்து ஹெனான் மாகாணத்தின் மேல் வந்து நின்றுகொண்டு, ஓரிடத்தில் ஒரே நாளில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே கிட்டத்தட்ட 1,400 மி.மீ.தான். பான்ச்சியாவ் அணை உடைந்தது, அதோடு அறுபதுக்கும் மேற்பட்ட அணைகள் போயின. இறந்தவர்கள் 26 ஆயிரம் என்கிறது ஒரு கணக்கு, பஞ்சத்தையும் நோயையும் சேர்த்தால் 1 லட்சத்து 70 ஆயிரத்தையும் தாண்டும் என்கிறது இன்னொன்று. கூடுதல் மதகுகள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த சென் சிங் என்ற நீரியல் வல்லுநரை முன்பே ஓரங்கட்டிவிட்டிருந்தார்கள். வெளியுலகுக்குப் பல வருடம் இது தெரியாது, ஆவணங்கள் 2005-இல்தான் ரகசியப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன.

2015 சென்னை வெள்ளத்துக்குக் காரணம் மழையா, செம்பரம்பாக்கமா?

இந்தக் கேள்வியால் எங்கள் குடும்பக் குழுவை விட்டு ஒருவர் வெளியேறியே போயிருக்கிறார். ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நவம்பர் முழுக்கப் பெய்து மண்ணும் ஏரியும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் 1,049 மி.மீ., 1918-க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. அதற்கு மேல் டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் உச்சத்தில் வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்தார்கள். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதே அடையாற்றில்தான் வந்து விழுந்தது. மத்தியத் தணிக்கைத் துறை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் மழைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று சேர்த்துச் சொல்வேன்.

என் நோட்டில் 2015 டிசம்பர் 2-ஆம் தேதிக்கு நேரே எண் கிடையாது. மானிக்குள் இருக்கும் பாட்டில் ராத்திரியே நிரம்பி வழிந்துவிட்டது. நான் அப்போது கீழ் வீட்டுப் பாட்டியையும் அவருடைய மாத்திரை டப்பாவையும் மாடி ஏற்றிக்கொண்டிருந்தேன். தேதிக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

30 செ.மீ. மழை என்றால் முழங்காலுக்குக்கூட வராதே, ஊர் எப்படி மூழ்குகிறது?

எல்லாத் தெருவிலும் 30 செ.மீ. சமமாக நின்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும்? ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. பெய்தால் 1 கோடி லிட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், அதில் 30 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 4.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டிஎம்சிதான். ஒரு செம்பரம்பாக்கத்துக்கும் மேல் ஊருக்குள் கவிழ்ந்திருக்கிறது, இனி அது கூவத்தையும் அடையாற்றையும் கால்வாய்களையும் பிடித்துக் கடலுக்குப் போக வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வீடு வாங்கியவர்களிடம் அது போகிற வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு, 3-ஆம் எண் கூண்டு என்கிறார்களே, எண் ஏற ஏறப் புயல் பெரிதா?

தோராயமாக அப்படித்தான், ஆனால் முழுக்க இல்லை. 1, 2 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கும் நிலை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இந்த மும்மூன்றில் எண் மாறுவது வலுவுக்காக இல்லை, புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கமாகப் போகிறதா, வலப்பக்கமா, நேராக மேலேயே வருகிறதா என்பதற்காக. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கரையில் நிற்பவன் கூண்டைப் பார்ப்பான். பத்து நாளாக ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவன் எதைப் பார்ப்பான்? 2017 நவம்பர் 30-இல் ஒக்கி குமரிமுனைக்கு அருகே மளமளவென்று புயலாக மாறியபோது நடந்தது அதுதான். செய்தி கரைக்கு வந்தபோது தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் எப்போதோ கடலுக்குள் போயிருந்தன.

ஆலங்கட்டி, இடி எல்லாம் ஆளைக் கொல்லுமா?

கொல்லும். 1888 ஏப்ரல் 30-இல் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். உலக வானிலை அமைப்பின் பட்டியலில் அதுதான் முதலிடம். 1986-இல் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த ஒரு கட்டி 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இடியில் வினோதமானது எகிப்து: 1994 நவம்பரில் துரோங்கா ஊரில் எண்ணெய்க் கிடங்கில் மின்னல் விழுந்து, எரிகிற எண்ணெய் மழை வெள்ளத்தில் மிதந்து ஊருக்குள் வந்தது, 469 பேர். சுழல்காற்றில் மோசமானதும் அமெரிக்காவில் இல்லை. 1989 ஏப்ரல் 26-இல் மறுபடியும் வங்கதேசம், தௌலத்பூர், சாட்டூரியா, சுமார் 1,300 பேர்.

வெயிலைப் பேரிடராக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டும். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலைக்கு 70 ஆயிரம் பேர் பலி. அதே வருடம் மே 31-இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி, அதுதான் நம் சாதனை. வெயிலில் சாகிறவர்கள் வீட்டுக்குள் தனியாகச் சாகிறார்கள், சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிடுவார்கள். அதனால் அது டிவியில் வருவதில்லை.

மழை பெய்யாமல் செத்தவர்கள் கணக்கு?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, புயல் எதுவும் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. பசிபிக்கில் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வலுவாக இருந்தது, இங்கே பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் சேர்த்து 55 லட்சம் பேர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. மழை பொய்த்தது இயற்கை, சரி. ஆனால் அப்போதும் இங்கிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். அரைக் கிலோகூட இல்லை. சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரோடு இருக்கப் போதாது என்று சண்டை போட்டார்.

அந்த நிவாரண வேலையில் வெட்டியதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாக ஓடுமே, அதேதான். ரயில் பாதைக்குத் தூண் போடுவதற்காக அதையும் குறுக்கிவிட்டு, மழை வந்தால் தண்ணீர் போகவில்லை என்று புலம்புகிறோம்.

இப்போதெல்லாம் சாவு குறைந்துவிட்டதே, புயல் வலு குறைந்துவிட்டதா?

புயல் அப்படியேதான் இருக்கிறது. 1999 அக்டோபர் 29-இல் ஒடிசா சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் அதே கரைக்கு பைலின் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் ஐம்பதுக்குள். நடுவில் கட்டியது புயல் காப்பகங்கள்: தூண்மேல் நிற்கும் பள்ளிக்கூடம், கூரைக்கு ஏறப் படிக்கட்டு, மாட்டுக்கு ஒரு சாய்வுப் பாதை. மாட்டை விட்டுவிட்டு விவசாயி வர மாட்டான் என்பதைக் கட்டியவர்கள் புரிந்துகொண்டார்கள். வங்கதேசத்தில் 1972-லிருந்தே மெகாஃபோனும் சைக்கிளுமாகத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார்கள். நர்கீஸுக்கும் நம் டெல்லி வானிலைத் துறை முன்கூட்டியே மியான்மருக்குச் சொல்லியிருந்தது. அங்கே அதை ஜனங்களிடம் கொண்டுபோகவில்லை, பிறகு வந்த வெளிநாட்டு உதவியையும் ராணுவ அரசு வாரக்கணக்கில் தடுத்தது.

புயலுக்குத் தமிழில் பெயர் வைக்க மாட்டார்களா?

வைத்திருக்கிறார்கள். வட இந்தியப் பெருங்கடலுக்கான 13 நாடுகளின் பட்டியலில் இந்தியா கொடுத்த பெயர்களில் ‘முரசு’, ‘நீர்’ இரண்டும் உண்டு.

கடைசியாக, இந்த வாரம் நம் ஊருக்குப் புயல் வருமா?

என்னிடம் கேட்காதீர்கள். நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள், அந்த இடத்தில் 1792-லிருந்தே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரெட் அலர்ட் என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று அர்த்தம், லீவு விடுவார்களா என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. என் மழைமானி பெய்து முடித்ததைத்தான் சொல்லும். போன வருடம் பெரிய பாட்டிலாக மாற்றிவிட்டேன், இந்த முறை 60 செ.மீ. வரை தாங்கும்.